விழத் தெரியாத உடம்போடு கலகெதரவுக்கு

கண்டிக்குப் போவது எப்படி என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஏரியை எந்த நேரம் சுற்றுவது, பேராதனைப் பூங்காவில் எந்த மரத்தடியில் படம் எடுப்பது என்பதையெல்லாம் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கழுத்தில் ஒரு தகடும் நாலு திருகாணியும் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் போய்வருவது எப்படி என்று எழுதுவதற்கு இப்போதைக்கு நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் ஆறுதலாக இருக்கும், ஆனால் இருக்க வேண்டாம்.

இந்த வருடம் தை மாதம் கண்டியில் நடந்த ஒரு ஜூடோ போட்டியில் என் கழுத்து உடைந்தது. பேராதனை வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்து காப்பாற்றினார்கள். ஐப்பசியில் வந்து காட்டச் சொல்லியிருந்தார்கள், அதற்குத்தான் இந்தப் பயணம். எனக்கு வயது முப்பத்துமூன்று. வேலை ஒரு காப்புறுதி அலுவலகத்தில், அதாவது மற்றவர்களுடைய விபத்துகளைப் பற்றி மேசையில் இருந்துகொண்டு சந்தேகப்படுவது. அது சம்பளத்துக்கு. பத்தொன்பது வயதிலிருந்து நான் உண்மையில் செய்துவந்தது ஜூடோ ஒன்றைத்தான். ஆகவே வைத்தியரிடம் கேட்பதற்கு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மறுபடி மெத்தை ஏறலாமா?

ஜூடோ தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு வருவது விளங்காது. எதிராளியின் முதுகு மெத்தையில் படும்படி எறிந்தால் முழுப்புள்ளி, அதோடு மெட்ச் முடிந்தது. இதற்குப் பெயர் இப்போன். அதனால்தான் எந்த ஜூடோப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் பாடம் எறிவது அல்ல, விழுவது. தலை பின்னால் போகாதபடி நாடியை நெஞ்சோடு ஒட்டு, முதுகை வளை, கையால் மெத்தையை அடி, விழு. அப்படி விழப் பழகியவருக்கு ஒன்றும் ஆகாது. தோற்றுப்போவார், அவ்வளவுதான்.

எனக்கு அந்தப் பாடம் அறவே பிடிக்கவில்லை. தோற்பதற்கு ஒரு பாடமா? பழக வந்த இரண்டாம் மாதமே எனக்கு வேறொன்று தானாக வந்துவிட்டது. என்னைத் தூக்கி எறிந்தால், அந்தரத்தில் இருக்கும்போதே இடுப்பைத் திருப்பி வயிற்றில் விழுந்துவிடுவேன். முதுகு படாவிட்டால் இப்போன் இல்லை. யாரும் சொல்லித்தந்ததில்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. பூனை என்று பட்டப்பெயரே வைத்தார்கள். அமுக்கிப் பிடித்து வென்றிருக்கிறார்கள், சின்னப் புள்ளிகளில் வென்றிருக்கிறார்கள், ஆனால் பதினான்கு வருடத்தில் ஒருத்தியும் என்னை முதுகில் போட்டதில்லை. இது உடம்பின் உணர்வு, படித்து வராது என்று பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன்.

தை மாதப் போட்டியில் எதிராளி ஒரு சின்னப் பெண். என் தொடைகளுக்கு நடுவே காலை விட்டுத் தூக்கினாள், நான் வழமைபோலத் திரும்பினேன். அவளுடைய வேகம் கொஞ்சம் அதிகம். தலை முதலில், பிறகு பாதம், நடுவில் உடம்பு பாலம் மாதிரி வளைந்து நின்றது. அப்படிப் பாலம் போல விழுந்தாலும் முழுப்புள்ளி எதிராளிக்கே என்பது விதி, எங்களைப் போன்றவர்கள் இந்த வேலையைச் செய்யக்கூடாது என்பதற்காகவே வைத்த விதி. நான் கை கால் உணர்வில்லாமல் கிடக்கும்போது நடுவரின் கை மேலே போனதைப் பார்த்தேன். கழுத்தையும் கொடுத்துப் புள்ளியையும் கொடுத்தேன்.

சரி, பயணம். வியாழன் காலை ஐந்தரைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி பஸ். டிக்கெட் 1,180 ரூபாய். வவுனியா, தம்புள்ளை, மாத்தளை வழியாக முந்நூற்று இருபது கிலோமீற்றர், எனக்கு எட்டு மணித்தியாலம் எடுத்தது. கழுத்தில் பிரச்சினை உள்ளவர்கள் கடைசி வரிசையில் மட்டும் இருக்காதீர்கள். சில்லுக்கு மேலே வரும் ஆசனமும் வேண்டாம். நடுவில், நடைபாதை ஓரமாக, முன் ஆசனக் கம்பியைப் பிடிக்கக்கூடிய இடம்தான் நல்லது. கழுத்துப்பட்டியை ஆறு மாதத்துக்கு முன்பே கழற்றியாகிவிட்டது, இருந்தாலும் பஸ்ஸுக்காகப் போட்டுக்கொண்டு போனேன். அது ஒரு தந்திரம். பட்டியைக் கண்டால்தான் இடம் தருவார்கள். மாத்தளை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது, கண்டி வந்து இறங்கும்வரை விடவில்லை. புகையிரத நிலையத்துக்கு அருகில் ஓர் அறை எடுத்தேன், 4,500 ரூபாய். வெந்நீர் வரும் என்றார்கள், வரவில்லை.

வெள்ளி காலை பேராதனை. கண்டியிலிருந்து ஆறேழு கிலோமீற்றர்தான், ஆனால் பாடசாலை நேரத்தில் முக்கால் மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் ஏழு மணிக்கே கதிரைகள் நிறைந்துவிடும். பத்தரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

என் கழுத்தைத் திறந்து மூடிய வைத்தியர் சுருக்கமாகப் பேசும் பெண்மணி. படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது என்றார். ஆனால் தகடு வைத்த இடம் இனி வளையாது, அதற்கு மேலே உள்ள மூட்டுத்தான் அந்தச் சுமையையும் தாங்க வேண்டும், இன்னொரு தடவை தலை குத்தினால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம் என்றார். நான் என் கேள்வியைக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தலை தரையைத் தொடாமல் விழ முடியுமா என்று திருப்பிக் கேட்டார். முடியும், ஜூடோவில் முதல் பாடமே அதுதான் என்றேன். "ஒவ்வொரு தடவையும்?" என்றார். ஓம் என்றேன். போய்ச் சோதித்துப் பார்த்துவிட்டு ஒரு கிழமைக்குள் உண்மையான பதிலை அனுப்பும்படி தன் இலக்கத்தைத் தந்தார். அந்தப் பதிலை வைத்துத்தான் முடிவு சொல்வாராம். மெதுவாக, தெரிந்தவர் ஒருவரோடு மட்டும், தடித்த மெத்தையில் என்று நிபந்தனையும் போட்டார்.

வெளியே வரும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. முடியாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடுவார் என்றுதான் ஒன்பது மாதமும் பயந்துகொண்டிருந்தேன்.

வாசலில் ஓட்டோ பிடித்தேன், கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு 750 ரூபாய். சாரதிக்குச் சொந்த ஊர் ஹுன்னஸ்கிரிய பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், இப்போது கண்டியில் ஓடுகிறார். கழுத்துப்பட்டியைப் பார்த்ததும் கேட்டார்.

"மலையில வழுக்கிட்டீங்களா மேடம்?"

"இல்லை. விளையாட்டில."

"என்ன வெளையாட்டுங்க இது, கழுத்த ஒடைக்கிற வெளையாட்டு?"

நல்ல கேள்வி. மனிதர் வழி முழுக்க "குழி வருதுங்க, புடிச்சிக்கங்க", "பள்ளம் வருதுங்க" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஏன் இப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அம்மாவுக்கு இடுப்பு உடைந்தபோது இதே ஓட்டோவில்தான் கொண்டுபோனாராம். "சொல்லிட்டு எறக்குனா அம்மா பல்லக் கடிச்சிக்கிட்டு சும்மா இருக்குங்க. சொல்லாம எறக்குனா ஊரே கேக்குற மாதிரி கத்தும்." சிரித்துவிட்டு இறங்கினேன். மறுநாள் பின்னேரம் அந்தப் பேச்சு ஞாபகம் வந்தபோது சிரிப்பு வரவில்லை.

குட்ஷெட்டிலிருந்து குருநாகல் பஸ் ஏறினால் இருபது கிலோமீற்றரில் கலகெதர. ஒரு மணித்தியாலம் போகும், டிக்கெட் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அங்கே என் சிநேகிதி ரிஸானா இருக்கிறாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழி, ஜூடோவிலும் என் எடைப்பிரிவு, ஆகவே நாலு வருடமும் ஒருவரையொருவர் எறிந்து பழகியவர்கள். அவள் அசல் புத்தகம். காலை எந்தக் கோணத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறதோ அந்தக் கோணத்தில்தான் வைப்பாள். போட்டிக்குப் போனால் முதல் சுற்றிலேயே சுத்தமாக முதுகில் விழுவாள், எழுவாள், வணங்குவாள், சோறு சாப்பிடப் போய்விடுவாள். விழுவதற்கென்றே பிறந்தவள் என்று எத்தனை தடவை நக்கலடித்திருப்பேன்! இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய், பாடசாலையில் கணக்கு ஆசிரியை. சனிக்கிழமைகளில் பெண்பிள்ளைகளுக்கு ஜூடோ பழக்குகிறாள், வாப்பாவின் கராம்பு, மிளகுக் கடைக்கு மேல்மாடியில். மூட்டைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு மெத்தை விரிப்பார்கள். அரை மணித்தியாலத்தில் உங்கள் உடுப்பு, தலைமயிர் எல்லாம் கராம்பு மணக்கும்.

வெள்ளி இரவு அவள் வீட்டில் தங்கினேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. "டொக்டர் செஞ்சி பாக்கச் சொன்னாவா, இல்லாட்டி நீ சொல்ல வெச்சியா?" என்று கேட்டாள். பதினான்கு வருடப் பழக்கம், ஆளை நன்றாகத் தெரியும்.

சனி மூன்று மணிக்கு வகுப்பு. பிள்ளைகள் மூட்டைகளில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ரிஸானா வீட்டிலிருந்து இரண்டு பஞ்சு மெத்தைகளைக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாள். முதலில் உட்கார்ந்தபடி பின்னால் விழுந்தேன். பிறகு குந்தியிருந்து. பிறகு நின்றபடி. நாடி நெஞ்சில், முதுகு வளைந்து, கை மெத்தையில் பளார் என்று. தலை ஒரு தடவையும் தொடவில்லை.

"மாஷா அல்லாஹ், புத்தகத்துல ஈக்கிற மாதிரியே ஈக்கி," என்றாள்.

பிறகு அவள் எறிந்து விழுவது. "இப்ப போடுறேன்" என்று சொல்லிச் சொல்லி மெல்லத் தூக்கிப் போட்டாள். அதிலும் ஒரு பிழை இல்லை. எனக்குள் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். மாசி மாதப் போட்டிக்குப் பேர் கொடுக்கலாமா என்றுகூட யோசித்துவிட்டேன்.

"இனி சொல்லாமப் போடு," என்றேன்.

"ஏலா. ஒனக்கு ஏதாச்சும் ஆகினா ஒன் உம்மாக்கு நான் என்ன சொல்ற?"

"ஒவ்வொரு தடவையும் எண்டல்லோ டொக்டர் கேட்டவ. மெட்ச்சில ஆர் சொல்லிப்போட்டு எறியிறது?"

அவள் குனிந்து பஞ்சு மெத்தைகளைச் சரியாக இழுத்துவிட்டாள். பிறகு என் உடுப்பின் கையையும் கழுத்துமடிப்பையும் பிடித்தாள். மெத்தையைச் சுற்றி நடந்தோம். சின்ன மகனுக்குப் பல் விழுந்த கதையைச் சொல்லத் தொடங்கினாள். பல்லைக் கூரையில் எறிய வேண்டும் என்று அவன் அடம்பிடித்தானாம், மழை என்பதால் வாப்பா... அந்த இடத்தில் என் கால் தரையை விட்டுப் போனது.

நான் திரும்பவில்லை. நான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும் ஆள் திரும்பவில்லை. இடுப்புத் திரும்பியது. இடது தோளும் கன்னமும் பஞ்சில் அழுந்தக் கிடந்தேன். ரிஸானா முழங்காலில் விழுந்து இரண்டு கையாலும் என் சட்டைக்கையை மேலே இழுத்துப் பிடித்திருந்தாள். அவள் இழுக்காவிட்டால் தலைதான் முதலில் போயிருக்கும். அவள் நகம் ஒன்று கிழிந்து இரத்தம் வந்தது.

"நீ ஒழுங்காத் தூக்கேல்லை," என்றேன். அநியாயமான பேச்சு. அவள் கிழிந்த நகத்தை வாயில் வைத்துக்கொண்டாள்.

இன்னொரு தடவை செய்தோம். விழு, விழு, விழு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். அப்படியும் திரும்பியது. மூன்றாவது தடவை புத்தகம் சொன்னபடி நாடி நெஞ்சோடு ஒட்டித்தான் இருந்தது, இடுப்பு மட்டும் தன்பாட்டுக்குப் போய்விட்டது. கழுத்திலிருந்து சுண்டுவிரல்வரை மின்சாரம் பிடித்த மாதிரி ஒன்று ஓடியது. தை மாதம் அந்த மெத்தையில் தலை குத்திய கணம் ஓடிய அதே சாமான். விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். எல்லாம் அசைந்தன.

ரிஸானா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைகளை விட்டாள். "இனி ஒன்னத் தூக்க மாட்டேன். அல்லாஹ் மேல ஆணையா மாட்டேன்."

மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தோம். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கம்பஸில் படித்த காலம் முழுக்க அந்தத் திருப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டதாகச் சொன்னாள். இரவில் அறையில் நான் தூங்கிய பிறகு தலையணையில் விழுந்து விழுந்து பழகிப் பார்த்தாளாம். "எனக்கு வரவே இல்ல. வந்திருந்தா..." என்று தொடங்கியவள் என் கழுத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. பயிற்சி செய்தால் மாறாதா என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். எத்தனை ஆயிரம் தடவை எறிந்து மாற்றுவது, அந்த ஆயிரத்தில் எந்த ஒன்றில் தலை குத்தும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். கணக்கு ஆசிரியை அல்லவா? புத்தகத்தை நான் மூளையில் வைத்திருக்கிறேன், குழி வருது என்று யாராவது சொன்னால் எடுத்துப் பார்க்க நேரம் இருக்கும். சொல்லாமல் வந்தால் இடுப்பில் இருப்பதுதான் வேலை செய்யும். ரிஸானாவுக்குப் புத்தகமே இடுப்பில் இறங்கிவிட்டது. என் இடுப்பில் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நேர்மையாக யோசித்தேன். உணர்வு, உணர்வு என்று கொண்டாடினேனே, அது தோற்கப் பயம். பத்தொன்பது வயதில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது, இப்போது எழும்பச் சொன்னால் எழும்பாது.

வகுப்பு முடியும் நேரம் ரிஸானாவிடம் கேட்டேன். "கடைசியா ஒருக்காப் போடு. சொல்லிப் போடு."

மாட்டேன் என்று ஆணையிட்டவள் அல்லவா, கடைசித் தடவைதானா என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு எழுந்து மெத்தையின் அந்தப் பக்கம் போய் நின்றாள். நான் இந்தப் பக்கம். போட்டியில் போலவே வணங்கினோம். சட்டையைப் பிடித்தாள். "தர்ஷி, இப்ப போடுறேன்," என்றாள்.

விழுந்தேன். முழு முதுகும் மெத்தையில். கை அடித்த சத்தத்தில் சுவரோரம் இருந்த பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். மேலே தகரமும் மரச்சட்டங்களும் தெரிந்தன. பதினான்கு வருடத்தில் என்னை முதுகில் போட்ட முதல் ஆள் ரிஸானா. அவளுக்கு அதில் ஒரு துளி சந்தோஷமும் இல்லை. என் சட்டைக்கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் எழும்பும்வரைக்கும்.

ஞாயிறு காலை கண்டிக்கு வந்து யாழ்ப்பாண பஸ் எடுத்தேன். வைத்தியருக்கு அனுப்ப வேண்டிய செய்தியை ஏறியவுடனேயே தட்டத் தொடங்கினேன். மூன்று தடவை 'முடியும்' என்று எழுதி அழித்தேன். பொய் சொன்னால் யார் பார்க்கப் போகிறார்கள்? மாத்தளையில் பஸ் நின்றபோது, "ஒவ்வொரு தடவையும் முடியாது" என்று எழுதி அனுப்பினேன். தம்புள்ளையில் பதில் வந்தது. அப்படியானால் இனி வேண்டாம், உண்மை சொன்னதற்கு நன்றி என்று இருந்தது. வவுனியாவரை அழுதுகொண்டு வந்தேன். பட்டி போட்டிருந்ததால் பக்கத்தில் இருந்த ஐயா வலியாக்கும் என்று நினைத்துச் சோடா வாங்கித் தந்தார்.

போகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கிளினிக்குக்குப் போகிறவர்கள் முதல்நாளே கண்டிக்கு வந்துவிடுங்கள், அன்றைக்கே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர முடியாது. பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோங்கள், ஐப்பசி மழை சும்மா விடாது. ஓட்டோக்காரரிடம் குழி வந்தால் சொல்லச் சொல்லுங்கள், பெரும்பாலும் சொல்வார்கள். வைத்தியரிடம் உங்களுக்குப் பிடித்த பதிலை வாங்குவதற்காகப் பேசாதீர்கள். எனக்கு அது நன்றாகவே வரும், அதனால்தான் சொல்கிறேன்.

ஜூடோ பழக விரும்பும் பெண்கள் யாராவது அந்தப் பக்கம் இருந்தால் ரிஸானாவிடம் போங்கள். கலகெதர கடைத்தெருவில் கராம்பு மணக்கும் மேல்மாடி என்று கேட்டால் காட்டுவார்கள். முதல் மூன்று மாதம் விழுவதைத் தவிர வேறொன்றும் சொல்லித்தர மாட்டாள். சலிக்காதீர்கள். தானாக ஏதாவது வந்தால் அவளிடம் உடனே சொல்லுங்கள், ஒளித்துவைத்துப் பெருமைப்படாதீர்கள்.

அந்தச் சனிக்கிழமை மெத்தைகளைச் சுருட்டும்போது அவளிடம் பழகும் பிள்ளைகளில் ஒருத்தி, பத்துப் பதினொரு வயது இருக்கும், என்னிடம் வந்து நின்றாள்.

"நல்லா விழுறீங்க டீச்சர். புதுசா சேந்தீங்களா?"

ரிஸானா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். நான் பிள்ளையிடம் ஓம் என்றேன்.